குருதி சிவந்தால் மனிதனா?

அறிவியற் புனைவுத் திரைப்படங்களை நம் இறையியல் ஏடுகள் பொதுவாக ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதிலும் அச்சமூட்டுவதற்கென்றே எடுக்கப்பட்ட படமாயின், அதனை வாலிபர்கள் பார்க்கலாமா, கூடாதா என்பதோடு நம் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. ஆயினும் தருமபுரி மாவட்டத்துச் சபையொன்றின் வாலிபர் ஐக்கியத்தில் எழுந்து, விடை வேண்டி நம்மிடம் அனுப்பப்பட்டுள்ள ஒரு கேள்வியை அவ்வாறு தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. 'ஏலியன் 3' என்னும் ஆங்கிலப் படத்தின் இறுதியில் தோன்றும் ஒருவர் மனிதரா, மனித உருவில் செய்யப்பட்ட இயந்திரமா என்பது கேள்வியின் முதற்பகுதி. மனிதர்தான் என்றால், எதனைக் கொண்டு அவரை மனிதர் என்கிறோம் என்பது இரண்டாம் பகுதி. முதற்பகுதி திரைப்பட இரசிகர்களுக்கு உரியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் அதனைப் பற்றி வாதாடி வருகின்றனர். இரண்டாம் பகுதி நமக்கு உரியது. எனினும் முதலாவதை அறியாமல் இரண்டாவதற்குள் நுழைதல் இயலாது.

மனிதனைப் போலவே தோலும் முகமும் பேச்சும் அமைத்துச் செய்யப்படும் இயந்திரத்தை ஆங்கிலத்தில் 'ஆண்ட்ராய்டு' என்பர். (இன்று இச்சொல்லைக் கேட்டவுடன் கைப்பேசியே நினைவுக்கு வருகிறது, சொல்லோ கைப்பேசியைவிட மிகப் பழையது.) 1979இல் ரிட்லி ஸ்காட் இயக்கி வெளிவந்த 'ஏலியன்' படத்தில், விண்வெளிச் சரக்குக் கப்பலொன்றின் பணியாளர்களுள் ஆஷ் என்னும் அறிவியல் அதிகாரி இருக்கிறார். அவர் மனிதரல்லர் என்பது கப்பலில் எவருக்கும் தெரியாது. கொடிய வேற்றுலக உயிரொன்றைக் கப்பலின் உரிமையாளரான நிறுவனத்திடம் கொண்டு சேர்த்தே ஆகவேண்டும், பணியாளர்கள் மடிந்தாலும் கவலையில்லை என்னும் இரகசிய ஆணை அவரிடம் இருந்தது. தலையில் விழுந்த அடியில் அவர் உடல் சிதைந்து, குருதிக்குப் பதிலாக வெண்ணிறத் திரவம் பீறிட்டபோதே உண்மை வெளியாயிற்று. அன்று முதல் இப்படவரிசையில் வெண்திரவம் இயந்திரத்தின் அடையாளம், செங்குருதி மனிதனின் அடையாளம் என்றாகிவிட்டது.

1986இல் ஜேம்ஸ் காமரன் இயக்கிய 'ஏலியன்ஸ்' படத்தில் வேறோர் இயந்திர மனிதன் வருகிறான். அவன் பெயர் பிஷப். (பெயரைக் கண்டு நம் பேராயர்கள் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை, படவரிசையிலேயே மிக நல்ல பாத்திரங்களுள் ஒன்று அது.) முன்னர் ஆஷிடம் பட்ட துன்பத்தால் கதைத்தலைவி ரிப்ளி அவனை அருகில் நெருங்கவிடுவதில்லை. அவனோ ஆபத்தான பணியைத் தானே கேட்டு ஏற்றுக்கொள்கிறான். முடிவில் கொடிய உயிரால் உடல் இரண்டாய்ப் பிளக்கப்பட்டுக் கிடக்கும் நிலையிலும், வெட்டவெளிக்குள் இழுக்கப்படவிருந்த சிறுமி ஒருத்தியைக் கைநீட்டிப் பற்றிக் காப்பாற்றுகிறான். அவன் உடலிலிருந்து வழிந்தது வெண்திரவமே.

இனி மூன்றாம் படம். டேவிட் ஃபிஞ்சரின் இயக்கத்தில் 1992ஆம் ஆண்டு மே மாதம் இது வெளிவந்தது. ஃபியோரினா 161 என்னும் கோளிலுள்ள சிறைச்சாலையில் ரிப்ளியின் கலம் விழுந்து நொறுங்குகிறது. அங்குள்ள கைதிகள் கொலையும் வன்புணர்ச்சியும் செய்தவர்கள். உலக முடிவை எதிர்நோக்கும் ஒருவகைக் கிறித்தவ சமயப் பற்றுக்குள் தங்களைக் கட்டுப்படுத்திக்கொண்டு வாழ்பவர்கள். இறந்தோரை அவர்கள் எரியுலையில் அடக்கம் செய்யும்போது கைதிகளின் தலைவன் டில்லன் ஏறெடுக்கும் மன்றாட்டு, நம் அடக்க ஆராதனைகள் சிலவற்றினும் உயிருள்ளதாய் இருப்பதை இங்கே சொல்லாமல் விட இயலவில்லை. ரிப்ளியின் உடலுக்குள் அக்கொடிய உயிரின் கரு வளர்கிறது. அதனைக் கைப்பற்றும் நோக்குடன் நிறுவனத்தார் ஆயுதந்தாங்கிய வீரர்களோடு வந்திறங்குகின்றனர். அவர்களுக்கு முன்னே, சிதைந்துபோன பிஷப்பின் அதே முகத்துடன் ஒருவர் நடந்து வருகிறார். தாமே பிஷப்பைப் படைத்தவர் என்றும், தம் சாயலாகவே அவனைச் செய்ததாகவும், தாம் மனிதரே என்றும் கூறுகிறார். கருவை அகற்றி அழித்துவிடுவோம், நீ பிழைத்து வாழலாம் என்று கனிந்த குரலில் ரிப்ளியை அழைக்கிறார். அவளோ நம்பவில்லை. சிறை அதிகாரியின் உதவியாளனான ஆரோன், இவர் இயந்திரமே என்று எண்ணி, கனத்த இரும்புக் கருவியொன்றால் அவர் தலையில் ஓங்கி அடிக்கிறான். அடுத்த கணமே சுடப்பட்டு மாள்கிறான். அடிபட்டவரின் தலையிலிருந்து வழிவது செங்குருதி. ரிப்ளி இரு கைகளையும் விரித்தவளாய் உலைக்குள் விழுந்து, கருவோடு தானும் அழிகிறாள்.

ஐயம் இங்கேதான் எழுகிறது. குருதி சிவப்பாயிருந்தும் அவர் இயந்திரமே என்று சாதிக்கும் இரசிகர்கள் பலர். அத்தகைய அடியை வாங்கிய மனிதன் அந்த இடத்திலேயே இறந்திருப்பான். இவரோ எழுந்து நின்று பேசுகிறார் என்பது அவர்களின் முதல் வாதம். படத்தின் பெயர்ப்பட்டியலில் இப்பாத்திரம் 'இரண்டாம் பிஷப்' என்று குறிக்கப்பட்டிருப்பது, ஒரே அச்சில் வார்த்த இன்னொரு பொம்மை என்பதற்குச் சான்று என்பது அடுத்த வாதம். ரிப்ளியை ஏமாற்றவே வந்திருக்கும் நிறுவனம், சிவப்புத் திரவம் நிரப்பிய புதுவகை இயந்திரத்தைச் செய்திருக்கக் கூடாதா என்பது மூன்றாவது. எதிர்த்தரப்பினரோ குருதியையும், 2003இல் வெளியிடப்பட்ட நீண்ட வடிவத்தையும் காட்டுகின்றனர். அவ்வடிவத்தில் காது பிய்ந்து தொங்க, தாம் இயந்திரமல்லர் என்று அவர் வலியோடு கதறுகிறார்.

நம் கருத்தைக் கேட்டால், அவர் மனிதரே என்போம். தலையில் அடிபட்டவன் உடனே மாளாமல் எழுந்து நிற்பது திரைப்படத்தில் அன்றாட நிகழ்ச்சி. அதிலிருந்து எதனையும் நிறுவ முடியாது. பெயர்ப்பட்டியல் ஒரே நடிகர், லான்ஸ் ஹென்றிக்ஸன், இரு பாத்திரங்களில் தோன்றியதைப் பிரித்துக் காட்டும் வசதியாகவும் இருக்கலாம். மூன்றாம் வாதம் வாதமே அன்று. சான்று எதிராக வரும்போதெல்லாம் சான்றே பொய்யாகச் செய்யப்பட்டது என்று சொல்லிக்கொண்டு போனால், எதனையும் எவரையும் இயந்திரம் எனலாம்.

ஆனால் குருதியின் நிறத்தை நம்பி முடிவு செய்யும் எதிர்த்தரப்பினரும் உறுதியான தரையில் நிற்கவில்லை. 2017இல் வெளிவந்த 'ஏலியன்: கவனன்ட்' படத்தில் ஒரே முகமுடைய இரு இயந்திர மனிதர்கள் வருகின்றனர். அவர்களுள் வால்ட்டர் ஒரு பெண்ணைக் காக்கும் முயற்சியில் தன் கையை இழந்தவன். டேவிட் என்னும் தீயவன் அவனைப் போலவே தன் கையையும் வெட்டிக்கொண்டு, காயத்தையே வேடமாக அணிந்து கப்பலில் ஏறிவிடுகிறான். காயத்தைக் கண்டு அவனை வால்ட்டர் என்று நம்பிய பெண், நீள்துயிலுக்காகப் பேழைக்குள் படுத்து மூடி அடைபட்ட பிறகே உண்மையை உணர்கிறாள். அவளுக்கு உணர்த்தியதும் காயமன்று. தான் கட்ட விரும்பிய சிறு வீட்டைப் பற்றி முன்பு வால்ட்டரிடம் மனம்விட்டுச் சொல்லியிருந்தாள், இவனுக்கு அது தெரியவில்லை.

உடலைத் தொட்டுப் பார்த்து ஒருவனை இன்னான் என்று அறியும் முயற்சியைத் திருமறையும் அறியும். பார்வை மங்கிய ஈசாக்கு குரலைக் கேட்டு ஐயுற்றான், ஆயினும் ஆட்டுத்தோல் போர்த்திய கைகளைத் தடவிப் பார்த்து, ஏசாவென்று எண்ணி யாக்கோபுக்கு ஆசி வழங்கினான் (ஆதி. 27). காது சரியாகச் சொன்னதைக் கை பொய்யாக்கியது. யோர்தான் துறையில் கிலேயாத்தியர் 'ஷிபோலேத்' என்னும் ஒரு சொல்லை உச்சரிக்கச் செய்து, நாக்கு வளைந்த விதத்தைக் கொண்டு எப்பிராயீமரைக் கண்டுபிடித்து வெட்டினர் (நியா. 12). இங்கே சோதனை பிழைபடவில்லை. சோதித்தவர்களின் நெஞ்சே பிழைபட்டிருந்தது. எதிரே நின்றவன் எவ்வினத்தான் என்பது தெளிவாயிற்று; அவன் சகோதரன் என்பது மட்டும் மறைந்துபோயிற்று. மனிதரை அடையாளங்காணும் சோதனைகள் பெரும்பாலும் இப்படித்தான் அமைகின்றன. ஒருவனை உள்ளே சேர்த்துக்கொள்ளும் பொருட்டு அவை வகுக்கப்படுவது அரிது.

திருச்சபை தன் தொடக்க நூற்றாண்டுகளிலேயே இத்தகைய கேள்வியைத் தன் ஆண்டவரைக் குறித்தே சந்தித்தது என்பதை நம் மாணவர் அறிவர். கிறிஸ்துவின் உடல் மெய்யான உடலன்று, தோற்றமே என்று போதித்தோரைத் தோற்றக்கொள்கையர் என்கிறோம். இயேசு கிறிஸ்து மாம்சத்தில் வந்தார் என்னும் அறிக்கையையே ஆவிகளைச் சோதிக்கும் உரைகல்லாக யோவானின் முதல் நிருபம் வைப்பது (1 யோவா. 4) இக்கொள்கையை மனத்திற்கொண்டே என்பர். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டு உரோமைக்கு இட்டுச்செல்லப்பட்ட அந்தியோக்கியாவின் இக்னேசியஸ், அவர் பட்ட பாடு வெறுந்தோற்றமாயின் தாம் அணிந்திருக்கும் சங்கிலியும் வெறுந்தோற்றமே என்னும் கருத்துப்பட எழுதினார். தம் கைகளை இறுக்கிக்கொண்டிருந்த இரும்பை வைத்து அவர் வாதாடினார் என்பதைக் கவனிக்கவேண்டும்.

நம் படத்திற்கு இன்னும் நெருங்கி வருவது அப்பொலினாரியுவின் போதனை. லவோதிக்கேயாவின் பேராயரான இவர் கிறிஸ்துவுக்கு மனித உடல் உண்டு என்று ஏற்றுக்கொண்டார். மனித அறிவு இருக்கவேண்டிய இடத்தில் தெய்வ வார்த்தையானவர் இருந்தார் என்றார். உடல் மனித உடல், உள்ளே இயக்குவதோ வேறொன்று. பக்தியின் மிகுதியால் எழுந்த கொள்கைதான் இது. ஆயினும் கிறிஸ்துவை மனித உருவில் நடமாடும் ஒரு கருவியாக இது ஆக்கிவிட்டது. கி.பி. 381இல் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கம் இதனைத் தள்ளியது. கிறிஸ்து எதனை ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாக்கப்படவில்லை என்பது நசியான்சு கிரகோரியாரின் வாதம். மனிதன் தவறுவது தோலினாலும் குருதியினாலும் அன்று. எண்ணத்தினாலும் விருப்பத்தினாலும் தவறுகிறான். அவ்விரண்டையும் கிறிஸ்து ஏற்றிருக்கவில்லையானால், நாம் எங்கே நோயுற்றிருக்கிறோமோ அங்கே மருந்து வந்து சேரவில்லை. ஆகவே மனிதன் என்றால் குருதியோடு கூடிய உடல் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளத் திருச்சபை மறுத்தது. ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதற்குப் பொறுப்பேற்று நிற்கும் உள்ளமும் சேர்ந்தே மனிதன்.

இவ்விடத்தில் தோமாவை நினைவுகூர்தல் பொருந்தும் (யோவா. 20). அவர் காயங்களைக் காணவேண்டும் என்று கேட்டதை நாம் எளிதில் அவநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் அவர் தேடியது யாருடைய காயம்? ஏதோ ஓர் உடலில் குருதி ஓடுகிறதா என்று அவர் பார்க்க விரும்பவில்லை. தம்மோடு உண்டு உறங்கிச் சிலுவையில் அறையப்பட்டவர் இவர்தாமா என்று அறிய விரும்பினார். அக்காயங்கள் எவ்வாறு, யாருக்காக ஏற்கப்பட்டன என்னும் வரலாறே அவற்றுக்குள் இருந்த சாட்சி. வால்ட்டரின் வெட்டுண்ட கையும் டேவிட்டின் வெட்டுண்ட கையும் கண்ணுக்கு ஒன்றே. ஒன்று பிறருக்காக இழந்தது, மற்றது பிறரை ஏமாற்ற இழந்தது.

இப்பொழுது வேறொரு கேள்வியை எழுப்புகிறோம். குருதியைக் கண்ட பின்னும், கதறலைக் கேட்ட பின்னும், அந்த இரண்டாம் பிஷப் இயந்திரமாகவே இருக்கவேண்டும் என்று இத்தனை பேர் ஏன் விரும்புகின்றனர்? கூர்த்த அறிவின் விளையாட்டு என்று கூறி முடித்துவிடலாம். அதுவும் ஓரளவு உண்மையே. ஆனால் படத்தை ஊன்றிப் பார்ப்போருக்கு வேறொன்றும் தோன்றும். பிளவுண்ட உடலோடு சிறுமியைக் காத்தவன் இயந்திரம். சாகும் பெண்ணிடம் கனிவாய்ப் பேசி, அவள் வயிற்றிலிருப்பதை ஆயுதமாக்க எடுத்துச் செல்ல வந்தவனோ மனிதன். செய்யப்பட்டவன் இரக்கமுள்ளவனாகவும், செய்தவன் இரக்கமற்றவனாகவும் இருக்கும் இம்முடிவைத் தாங்கிக்கொள்வது கடினம். அவனும் இயந்திரம்தான் என்று நிறுவிவிட்டால் நெஞ்சு இலேசாகிறது. தீமை நம் இனத்திலிருந்து வரவில்லை, எவரோ முடுக்கிய பொம்மையிடமிருந்து வந்தது என்று ஆகிவிடுகிறது. இந்த ஊகத்தின் கவர்ச்சி முழுவதும் அது தரும் ஆறுதலில் இருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

தமிழ்த் திரையிலும் இதற்கு ஓர் இணை உண்டு. ஷங்கரின் இயக்கத்தில் 2010ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் வெளிவந்த 'எந்திரன்' படத்தில், விஞ்ஞானி வசீகரன் தன் சாயலாகவே சிட்டி என்னும் எந்திரனைச் செய்கிறான். இரு பாத்திரங்களையும் ரஜினிகாந்தே ஏற்றார். எரியும் கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை உடையின்றி அப்படியே பலர் நடுவே தூக்கி வருகிறது சிட்டி. நாணத்தால் ஓடிய அவள் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காத்த இயந்திரத்திற்கு மானம் என்பது விளங்கவில்லை. பின்னர்ப் பொறாமை கொண்ட ஆசிரியர் போரா அதற்குள் அழிவுச் சில்லைப் பொருத்த, அது தன்னைப் போன்ற எந்திரன்களைத் திரளாய் உண்டாக்குகிறது. அத்திரளுக்குள் வசீகரன் எந்திரனாக வேடமிட்டு நுழைய, கூட்டத்தில் கலந்துவிட்ட மனிதனைச் சிட்டி ஆடு போல் கத்திக் கேலி செய்தபடி தேடுகிறது. இயந்திரங்களுக்கு நடுவே மனிதனை இயந்திரம் தேடும் இக்காட்சி நகைச்சுவையாக எடுக்கப்பட்டது; நம் பொருளுக்கோ மிகவும் வேண்டியது. முடிவில் வழக்கு நீதிமன்றத்திற்கு வருகிறது. நீதிமன்றம் சிட்டியைச் சிறையில் அடைக்கவில்லை. பிரித்துப் போடும்படி ஆணையிடுகிறது. கழற்றி வைக்கலாமேயன்றி, இயந்திரத்தைத் தண்டிக்க இயலாது. குற்றவாளி என்னும் சொல் மனிதனுக்கு மட்டுமே உரியது.

'ஏலியன் 3' அமெரிக்காவில் திரைக்கு வந்து ஒரு மாதம்கூட நிறைவுறாத 1992 ஜூன் 20 அன்று, தருமபுரி மாவட்டம் அரூர் வட்டாரத்தில் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தி என்னும் பழங்குடியினர் சிற்றூருக்குள் அரசுப் பணியாளர்கள் நுழைந்தனர். கேள்வி இம்மாவட்டத்திலிருந்தே வந்திருப்பதால், விடையும் இவ்வூரைக் கடந்து செல்ல முடியாது. கடத்திய சந்தனக் கட்டைகளைத் தேடுவது அவர்கள் சொன்ன காரணம். வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர். ஊர்மக்கள் அடித்து இழுத்துவரப்பட்டனர். 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு உள்ளாக்கப்பட்டனர். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியமும் கிணறுகளும் பாழாக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

தமிழ்நாடு பழங்குடி மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் இச்செய்தியை வெளிக்கொணர்ந்தபோது அரசுத் தரப்பு அதனை மறுத்தது. சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 1995இல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. பாதிக்கப்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் நின்று, நடந்தவற்றைத் தம் வாயால் சொல்லவேண்டியிருந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேரும் தண்டனை பெற்றனர். அவர்களுள் 17 பேர் வன்புணர்ச்சிக் குற்றத்திற்காக. மேல்முறையீடுகளை 2023 செப்டம்பர் 29 அன்று நீதியரசர் பி. வேல்முருகன் தள்ளுபடி செய்தார். அதற்கு முன்னர் அவர் அவ்வூருக்கே நேரிற் சென்று பார்த்திருந்தார்.

இத்தகைய செய்தியைக் கேட்டதும் நம் வாயில் முதலில் வருவது என்ன? இவர்களும் மனிதர்களா என்கிறோம். மிருகங்கள் என்கிறோம், அரக்கர்கள் என்கிறோம். சற்றுப் படித்தவர்களாயின், மேலிட ஆணைக்கு ஆடிய பொம்மைகள் என்கிறோம். இச்சொற்களில் எரியும் சினம் நேர்மையானதே. அதனை நாம் குறைகூறவில்லை. ஆயினும் இரண்டாம் பிஷப்பை இயந்திரமாக்கும் ஊகத்திற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைப் பாருங்கள். அவன் மனிதனல்லன் என்று சொன்ன அந்தக் கணத்திலேயே, அவனை நீதிமன்றத்திலிருந்து விடுவித்துவிடுகிறோம். மிருகத்தின்மீது வழக்கில்லை, பொம்மைக்குத் தண்டனையில்லை. தருமபுரி நீதிமன்றமோ அவ்வாறு விடவில்லை. சீருடை, துறை, ஆணை என்னும் மூன்று போர்வைகளையும் விலக்கி, அவர்களை மனிதர்கள் என்றே கருதியது; அதனாலேயே அவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்க்க முடிந்தது. ஆணைப்படி செய்தோம் என்பது இயந்திரத்தின் விடை. ஆஷ் அவ்வாறு கூறலாம்.

தாவீதுக்கு நாத்தான் சொன்ன கதையை இங்கே வாசிக்கவேண்டும் (2 சாமு. 12). ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துச் சமைத்த செல்வன்மேல் தாவீதுக்குக் கடுஞ்சினம் மூண்டது; இரக்கமற்ற அவன் சாகவேண்டியவன் என்றான். அச்சினம் முழுவதும் எங்கோ இருக்கும் வேறொருவன்மேல். அம்மனிதன் அவனே என்று நாத்தான் சுட்டிய பிறகுதான் தாவீது தன் பாவத்தை அறிக்கையிட்டான். நாத்தானின் சொல் அவனைத் தாழ்த்தியது மட்டுமன்று. பொறுப்புள்ள மனிதனாக மீட்டுத் தந்ததும் அதுவே. மனந்திரும்புதல் மனிதனுக்கே கூடும். தண்டனையும் மனந்திரும்புதலும் ஒரே வாசல் வழியே வருகின்றன. அவ்வாசலை ஒருவனுக்கு அடைத்துவிட்டால் இரண்டும் அவனுக்கு இல்லாமற் போகின்றன.

மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். வாச்சாத்தியின் பெண்களுக்கும் ஒரு சோதனை வைக்கப்பட்டிருந்தது. அவர்கள் சொல்வது மெய்யா, கடத்தல்காரரின் ஊரார் சொல்லும் கதையா என்று ஆண்டுக்கணக்கில் ஐயுற்றனர் வெளியில் இருந்தவர்கள். இக்னேசியஸின் சங்கிலி வெறுந்தோற்றம் என்று அவரிடமே கூறுவதைப் போன்றது அது. அவர்களின் காயம் காயமே என்று நாட்டின் நீதிமன்றம் ஒன்று எழுத்தில் வைக்க 19 ஆண்டுகள் ஆயின. அதனை உறுதிசெய்ய மேலும் 12 ஆண்டுகள் ஆயின. தேவசாயல் எல்லா மனிதருக்கும் உண்டு என்று ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைக் காட்டி நாம் ஞாயிறுதோறும் போதிக்கிறோம். அச்சாயல் ஒருவரிடம் இருக்கிறது என்பதற்கு நாம் வேண்டும் சான்றோ, அவர் மலையடிவாரத்திலிருந்து வருகிறாரா, நகரத்திலிருந்து வருகிறாரா என்பதற்கேற்ப மாறிக்கொண்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பில், பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறும், அதில் பாதியை வன்புணர்ச்சிக் குற்றவாளிகளிடமிருந்து பெறுமாறும் ஆணையிடப்பட்டது. அக்காலத்து மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்கவும் அத்தீர்ப்பு பணித்தது. ஆணையை நிறைவேற்றியவர்களோடு, ஆணையிடும் இடத்தில் அமர்ந்திருந்தவர்களையும் அது தேடிச் சென்றது. ரிப்ளியின் கதையில் அந்த நிறுவனத்தின் தலைமையை எந்த நீதிமன்றமும் அவ்வாறு தேடிச் செல்லவில்லை.

இப்பொருளை வாலிபர் ஐக்கியத்தில் எடுத்துக்கொள்ள விரும்பும் ஆயர்களுக்கு ஓரிரு குறிப்புகள். 'ஏலியன் 3' குருதியும் கொடுமையும் நிறைந்த படம். முழுவதும் திரையிடத் தக்கதன்று, சிறுவர்களுக்கு ஆகவே ஆகாது. உலையருகே நிகழும் இறுதிக் காட்சியை மட்டும் காட்டிக் கதையை வாயால் சொன்னால் போதும். இரண்டாம் பிஷப் யார் என்று வாக்கெடுங்கள்; இயந்திரம் என்போர் மிகுதியாகவே இருப்பர். ஏன் அவ்வாறு விரும்புகிறீர்கள் என்று கேட்ட பிறகு நாத்தானின் கதையை வாசிக்கலாம். வாச்சாத்தியை அதே மாலையில் நுழைக்க வேண்டாம். திரைப்படத்தின் பரபரப்பில் அது இன்னொரு கதையாகக் கரைந்துவிடும். அதற்கு வேறொரு மாலையை ஒதுக்குங்கள். அரூர்ப் பக்கத்துச் சபைகளில் 1992ஐ நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கின்றனர். அவர்களைப் பேசவிட்டு, வாலிபர்களைக் கேட்கச் செய்யுங்கள்.